தாய்மாமன் மடிக்குத் தடை உத்தரவு

எழுதிக்கங்கம்மா. முதல்ல தேதி. அப்புறம் மேலே 'அவசரம்'னு சிவப்பு மையில போட்டுருங்க. சிவப்பு இல்லையா? சரி, நீலத்துலயே போட்டு அடியில ரெண்டு கோடு இழுங்க.

கோர்ட்டு வளாகத்துக்குள்ள 'இலவச சட்ட உதவி மையம்'னு போர்டைப் பார்த்தேன். எட்டிப் பார்த்தா நீங்க ஒருத்தர் மட்டும் உட்கார்ந்திருக்கீங்க. சட்டக் கல்லூரிப் பிள்ளையா? மூணாவது வருஷமா? நல்லது. பெரிய வக்கீல்கிட்டப் போனா நாம வாயைத் திறக்கிறதுக்குள்ள அவங்க பேசி முடிச்சுடுறாங்க. நீங்க பேசவே மாட்டேங்கிறீங்க. எனக்கு அதுதான் வேணும்.

என் பேர் தவமணி. அப்பா பேர் சுப்பையா. எங்க ஊராட்சியில குடிதண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். வால்வைத் திறந்தா ஊருக்குத் தண்ணி, மூடினா இல்லை. அந்தப் பொறுப்பு என்னோடது. இப்போ எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். இன்னைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குள்ள ஒரு மொட்டையை நிறுத்தணும்.

ஏன் பேனாவை வச்சுட்டீங்க? எழுதுங்க. மொட்டைதான். என் தங்கச்சி மகள் ஆதிரைக்கு. பிள்ளைக்கு வர்ற புதன்கிழமை மூணு வயசு முடியுது. அவங்க அப்பன் வீட்டுக் குலசாமி கோயில்ல இன்னைக்கு முடி இறக்கிக் காது குத்தப் போறாங்க. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் நல்ல நேரம். அதுக்குத் தடை வாங்கணும். இப்போ மணி பத்து அஞ்சு. நேரம் கிடக்கு. ஆனா ஆதியிலிருந்து சொன்னாத்தான் உங்களுக்கு நியாயம் விளங்கும்.

மொட்டை போடுறப்பப் பிள்ளை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில. இது உங்களுக்கே தெரியும். சாமி அப்பன் வீட்டுச் சாமி. மடி அம்மா வீட்டு மடி. ரெண்டுல ஒண்ணு இல்லைன்னாலும் தலையில கத்தி படக்கூடாது. இதை அப்படியே எழுதிக்கங்க. கேஸே இதுதான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால, ஆதிரைக்குப் பதினொரு மாசம் இருக்கிறப்ப, முதல் தடவை இந்த மொட்டைக்கு நாள் குறிச்சாங்க. பத்திரிகை அடிச்சு வந்தது. ரோஸ் கலர். பிரிச்சுப் பார்க்கிறேன். 'தாய்மாமன்மார்'னு ஒரு தலைப்பு. அதுக்குக் கீழே முதல் பேர், 'திரு. ஆ. கதிரேசன், துணை வட்டாட்சியர்.' அதுக்கும் கீழே, 'சு. தவமணி.' திரு கிடையாது. என்ன வேலைன்னு கிடையாது. மொட்டையா தவமணி.

கதிரேசன் எங்க சித்தப்பா மகன். அவனும் பொன்மலருக்கு அண்ணன் முறைதான், நான் இல்லைங்கலை. பொன்மலர்னா என் தங்கச்சி. ஆனா கூடப் பிறந்தவன் எவன்? அவள் அம்மை வார்த்துக் கிடந்தப்ப வேப்பிலை ஒடிச்சுட்டு வந்தவன் எவன்? துணை வட்டாட்சியரா?

நேரா மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை பேர் சௌந்தரபாண்டி. பால் சொசைட்டியில பால்ல தண்ணி எவ்வளவு இருக்குன்னு பார்க்கிற வேலை. என் தண்ணியைத்தான் பார்க்கிறான், வேற என்ன. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னான். 'மச்சான், அச்சாபீஸ்காரன் பதவியைப் பார்த்து அவரை மேலே தூக்கிப் போட்டுட்டான். மடி உங்க மடிதான். நான் சரி பண்ணிடுறேன்'னான்.

எப்படிச் சரி பண்ணினான் தெரியுமா? முந்நூறு பத்திரிகையிலயும் பேனாவால அம்புக்குறி போட்டான். என் பேர்லயிருந்து கிளம்பி, வளைஞ்சு, கதிரேசன் தலைக்கு மேலே போய் நிக்குது அம்பு. முந்நூறு அம்பும்மா! ஊரெல்லாம் கேட்குது, 'தவமணி, என்னப்பா உன்னை ஏணி வச்சு ஏத்தியிருக்காங்க?'ன்னு.

பொன்மலரைக் கூப்பிட்டேன். 'ரெண்டு நாள் நம்ம வீட்டுல வந்து இரும்மா, அவங்களுக்குப் புத்தி வரட்டும்'னேன். ரெண்டு சேலையை எடுத்துக்கிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்தாள். மொட்டை நின்னுபோச்சு. அந்த ரெண்டு நாள்தான் இப்போ ரெண்டு வருஷம் ஆகியிருக்கு. என் வீட்டுக்காரி வனிதா சொல்லுவாள், 'உங்க தங்கச்சி ரெண்டு சேலையையே மாத்தி மாத்திக் கட்டுது, இன்னும் ரெண்டு எடுத்துட்டு வரச் சொன்னா வேண்டாம்ங்குது'ன்னு. சிக்கனமான பிள்ளை. சின்ன வயசுலயிருந்தே அப்படித்தான்.

மாப்பிள்ளை மூணு தடவை வந்தான். வந்து வாசல்ல செருப்பைக் கழட்டி வச்சுட்டு உட்கார்ந்திருப்பான். காபி குடிப்பான், போயிடுவான். நாலாவது தடவை அவன் வரலை, தபால் வந்தது. கோர்ட் நோட்டீஸ். மனைவி தன்னோட சேர்ந்து வாழணும்னு மனுப் போட்டிருக்கான். பார்த்தீங்களா? முதல்ல கோர்ட்டுக்குப் போனது யாரு? அவன். சேர்ந்து வாழுறதுக்கு ஒருத்தன் கேஸ் போடுறான்னா அதைவிடப் பெரிய சண்டை வேற என்ன இருக்க முடியும்? இதை எழுதிக்கங்க. எழுதி, பக்கத்துல ஒரு கேள்விக்குறியும் போடுங்க.

விடுவேனா? சந்தானம் வக்கீல்கிட்டப் பொன்மலரைக் கூட்டிக்கிட்டுப் போனேன். விவாகரத்து போடுங்கன்னேன். அவர் அவளைப் பார்த்துக் கேட்டார்.

'வீட்டுக்காரர் குடிப்பாரா?'

'இல்லைங்க.'

'அடிப்பாரா?'

'ஐயோ, இல்லைங்க.'

'வரதட்சணை கேட்டாங்களா? வேற பொம்பளை சகவாசம்?'

அதுக்கு அவள் சிரிச்சுட்டாள். 'அவருக்கா?'ங்கிறாள்.

வக்கீல் பேனாவை மூடிட்டார். 'அப்புறம் என்னம்மா குறை, ஏதாவது ஒண்ணு சொல்லு'ன்னார். ரொம்ப யோசிச்சுட்டு, 'குறட்டை விடுவாருங்க'ன்னாள். அப்பத்தான் வக்கீல் முகத்துல வெளிச்சமே வந்தது. 'கொடுமை'ன்னு தலைப்புப் போட்டார். உடனே இவள், 'இல்லைங்க, சத்தமா இருக்காது, பழகிப்போச்சு. இப்போ அது இல்லாமத்தான் தூக்கம் வர மாட்டேங்குது'ன்னாள். கோர்ட்டு, வக்கீல்னா பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பயம், வாய் உளறுது. நான் அவளை வெளியில உட்கார வச்சுட்டு மிச்சத்தை நானே சொன்னேன்.

பதினாலு பாரா வந்தது மனு. குறட்டை ஒரு பாரா. பத்திரிகை ஒன்பது பாரா. அம்புக்குறிக்குத் தனியா ஒரு படம் வரைஞ்சு இணைச்சோம். பொன்மலர் எங்கே கையெழுத்துன்னு கேட்டாள், காட்டினேன், போட்டாள். 'படிச்சுப் பார்க்கலையாம்மா?'ன்னார் வக்கீல். 'அண்ணன் படிச்சிருக்கும்'னாள். அவ்வளவு நம்பிக்கை அவளுக்கு என் மேல. இதையும் எழுதிக்கங்க.

அதுக்கப்புறம் மாப்பிள்ளை பிள்ளையைக் கேட்டு இன்னொரு மனுப் போட்டான். அப்பத்தான் எனக்குச் சட்டமே புரிய ஆரம்பிச்சது. நீங்க புத்தகத்துல படிச்சிருப்பீங்க, நான் பெஞ்சுல உட்கார்ந்து படிச்சேன். அஞ்சு வயசு வரைக்கும் பிள்ளை பொதுவா தாய்கிட்ட இருக்கணும். சரி. அப்பன் இயற்கைக் காப்பாளர். அதுவும் சரி. எல்லாத்துக்கும் மேல பிள்ளையோட நலன். ரொம்பச் சரி. நான் வக்கீல்கிட்டக் கேட்டேன், 'சார், இதுல தாய்மாமன் எங்கே வர்றான்?' 'வரலை'ன்னார். 'நல்லாப் பாருங்க சார், பின்னால அட்டவணை கிட்டவணையில இருக்கும்'னேன். 'மொத்தச் சட்டத்துலயும் மடின்னு ஒரு வார்த்தையே இல்லை தவமணி, வீட்டுக்குப் போ'ன்னார்.

இவ்வளவு பெரிய நாட்டுக்குச் சட்டம் எழுத உட்கார்ந்தவங்கள்ல ஒருத்தருக்குக்கூடவா தாய்மாமன் இல்லாமப் போயிட்டான்?

விசாரணை நடக்கிற வரைக்கும் ஒரு ஏற்பாடு பண்ணினாங்க. முதல் சனி, மூணாம் சனி, காலையில பத்திலிருந்து ஒண்ணு வரைக்கும் அப்பன் வந்து கோர்ட்டுல இருக்கிற குழந்தைகள் அறையில பிள்ளையைப் பார்த்துக்கலாம். நான்தான் வண்டியில கூட்டிக்கிட்டு வருவேன். பொன்மலர் பின்னால, பிள்ளை முன்னால.

இந்தச் சமயத்துல மாப்பிள்ளை ஒரு வேலை பார்த்தான். பிள்ளைக்கு ரெண்டு முடிஞ்சு மூணாவது நடக்குது, மூணு முடியுறதுக்குள்ள முடி இறக்கணும், நாலாவது வயசுல இறக்கக் கூடாது, அதுக்கு ஒரே ஒரு நாள் பிள்ளையைக் கொடுங்கன்னு மனு. ஜட்ஜ் அம்மா படிச்சுப் பார்த்துட்டு, 'ஒரு நாள்தானே, கொடுக்கிறதுல என்ன?'ங்கிறாங்க. சந்தானம் வக்கீல் ஃபைலைப் புரட்டிக்கிட்டு நிக்கிறார். எனக்குப் பொறுக்கலை. கடைசி வரிசையிலயிருந்து, 'மடி யாரோடதுன்னு கேளுங்கம்மா!'ன்னேன்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழட்டினாங்க. 'யாருப்பா அது?'

'தாய்மாமன்ம்மா.'

'நீங்க இந்த மனுவில இருக்கீங்களா?'

'ஒன்பது பாராவுல இருக்கேன்ம்மா.'

சிரிச்சாங்க எல்லாரும். சிரிக்கட்டும். ஆனா உத்தரவு என் பக்கம்தான் வந்தது. அடுத்த உத்தரவு வரைக்கும் பிள்ளை தலைமுடி இப்போ எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்னுட்டாங்க. ஸ்டேட்டஸ்கோ. இருக்கிறது இருக்கிறபடி. அந்த உத்தரவுக்கு நகல் வாங்கி, லேமினேட் பண்ணி, எங்க வீட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்துல மாட்டினேன்.

மாட்டினா மட்டும் போதுமா? அனுசரிக்கணும்ல? முடியை வெட்டக் கூடாது. சரி, நெத்தியில விழுற முடியை நறுக்கலாமா? கூடாது, அதுவும் தலைமுடிதான். பிள்ளை கதவுல மோதுது, நிலையில இடிக்குது, மூணு கிளிப் மாட்டி விட்டோம். சீவலாமா? சீவுறப்ப நாலு முடி உதிரும். அந்த நாலு முடிக்கு யார் பொறுப்பு? அதனால வனிதாகிட்டச் சொன்னேன், சீவுறப்ப உதிர்ற முடியை எடுத்து ஒரு கவர்ல போட்டுத் தேதி எழுதிடுன்னு. நாளைக்கு எதிர்த்தரப்பு கேட்டா எடுத்து நீட்டலாம்ல? எட்டு மாசத்துக்கு நூத்துச் சொச்சம் கவர் இருக்கு. பீரோவுல சேலையை எடுத்துட்டு அங்கேதான் வச்சிருக்கு. வேணும்னா எடுத்துட்டு வர்றேன். வேண்டாமா? சரி.

அப்புறம் பேன் வந்தது. அங்கன்வாடியிலயிருந்து ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. பிள்ளை ரெண்டு கையாலயும் சொறியுது. வனிதா பேன் மருந்து வாங்கிட்டு வந்துட்டாள். 'நில்லு'ன்னேன். உத்தரவு என்ன சொல்லுது? இருக்கிறபடி இருக்கணும்னு. உத்தரவு போட்ட அன்னைக்குப் பேன் இருந்ததா இல்லையா, அது தெரியாது. இருந்திருந்தா? அதை எடுக்கிறது அவமதிப்பு ஆகாதா?

'கோர்ட்டு பிள்ளையைப் பார்த்துக்கச் சொல்லுச்சா, பேனைப் பார்த்துக்கச் சொல்லுச்சா?'ன்னு வனிதா கத்தினாள். வக்கீலுக்குப் போன் போட்டேன். மறுபடியும் ஒரு தடவை சொல்லச் சொன்னார். அப்புறம், 'பேனுக்கு ஸ்டே இல்லை, தவமணி'ன்னார். அதுக்கப்புறம் அவர் என் போனை எடுக்கிறதில்லை. பாவம், நிறையக் கேஸ் அவருக்கு.

இதுக்கு நடுவுல ஊர்க்காரங்க வேற. விசாரணை நாள்னா நான் காலையிலயே கோர்ட்டுக்கு வந்துடுவேன், வால்வு சாவி என் இடுப்புல. ஊருக்குத் தண்ணி கிடையாது. ஊர்ல பாதிப் பேருக்கு அவங்கவங்க கல்யாண நாள் தெரியாது, என் தங்கச்சி வாய்தா தேதி தெரியும். முந்தின நாளே குடம் குடமாப் பிடிச்சு வச்சுக்குவாங்க. போகிற வழியில, 'தவமணி, நல்லபடியா முடிச்சுட்டு வாப்பா'ன்னு பொம்பளைங்க கும்பிடுறாங்க. அவ்வளவு ஆதரவு எங்க கேஸுக்கு.

பேன் கதைக்கு வர்றேன். சனிக்கிழமை மாப்பிள்ளை பிள்ளைத் தலையைப் பார்த்துட்டான். அடுத்த தடவை ஒரு பேன் சீப்பு கொண்டு வந்தான். அவனுக்கும் உத்தரவுன்னா பயம். 'மச்சான், சீப்பு வைக்கலாமா, உத்தரவுல இடம் இருக்கா?'ன்னு கேட்டான். அந்த அளவுக்கு மரியாதை இருந்தது, அதை நான் மறைக்கலை. நான் யோசிச்சுச் சொன்னேன், 'சீப்பு கூடாது, முடி பிடுங்கிட்டு வரும். கையால எடு. ஒவ்வொரு பேனா எடு'ன்னு.

ஒரு ஆளால ஆகுமா? முடியை விலக்கிப் பிடிக்க ஒரு ஆள் வேணும், எடுக்க ஒரு ஆள் வேணும். பொன்மலர் தள்ளி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான்தான், 'நீ எதிர்ல உட்கார்ந்து முடியை விலக்கும்மா, அவன் பாட்டுக்குப் பிடுங்கி வச்சுடப் போறான்'னேன். உத்தரவு ஒழுங்கா நடக்கணும்ல? பிள்ளை நடுவுல பொம்மையை வச்சுக்கிட்டுக் குனிஞ்சு உட்கார்ந்திருக்கும். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். நான் வாசல்ல நாற்காலி போட்டுக் கண்காணிச்சேன். ஒரு சனிக்கிழமை பதினொண்ணு இருபதுலயிருந்து பன்னிரண்டு நாற்பது வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே தலையில. நேரத்தைக் குறிச்சு வச்சிருக்கேன்.

நாலஞ்சு மாசம் இப்படி. பொன்மலரும் சனிக்கிழமையானா எனக்கு முன்னால கிளம்பி நிப்பாள். தலைக்குக் குளிச்சு, பூ வச்சு. கோர்ட்டுக்கு அந்த மரியாதை கொடுக்கணும்னு அவளுக்கும் தெரிஞ்சுருச்சேன்னு எனக்குச் சந்தோஷம்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை. எனக்கே ஒரு சந்தேகம். கிட்டப் போய்ப் பிள்ளைத் தலையைப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு பேன் இல்லை. ஆனா ரெண்டு பேரும் எடுத்துக்கிட்டே இருக்காங்க! 'என்னத்தை எடுக்கிறீங்க?'ன்னேன். மாப்பிள்ளை தலையை நிமிர்த்தாம, 'ஈர் இருக்கு மச்சான்'ங்கிறான். பொன்மலர் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாள். கோர்ட்டு வளாகத்துக்குள்ளயே பொய்! இதை எழுதிக்கங்க. பெரிசா எழுதுங்க.

அடுத்த விசாரணைக்கு ஜட்ஜ் அம்மா மூணு பேரையும் தன் அறைக்குள்ள கூப்பிட்டாங்க. மூணு பேர்னா பொன்மலர், மாப்பிள்ளை, ஆதிரை. நானும் எழுந்து போனேன். வாசல்ல நின்ன டவாலி குறுக்கே கையை வச்சுட்டார். 'நான் தாய்மாமன்'னேன். 'அதனாலதான்யா'ங்கிறார்.

பத்து நிமிஷம். கதவு திறந்தது. ரெண்டு பக்கத்துக் கேஸும் வாபஸ்.

'அண்ணே, நான் அவரோட போறேன்'னாள் பொன்மலர்.

'என்னம்மா இது, இன்னும் குறுக்கு விசாரணையே நடக்கலையே'ன்னேன். எழுபது கேள்வி எழுதி வச்சிருந்தேன்மா நான், மாப்பிள்ளையைக் கேட்க. இருபத்தெட்டாவது கேள்வியில அவன் அழுதிருப்பான்.

'முதல் நாளே போறேன்னு சொல்லியிருக்கலாமேம்மா, ஏன் சொல்லலை?'ன்னும் கேட்டேன். 'நீ கேட்கவே இல்லையேண்ணே'ங்கிறாள். நான் கேட்கலையாம். எழுபது கேள்வி எழுதினவனைப் பார்த்துச் சொல்றாள்.

அப்போ நான் ஒண்ணு சொன்னேன். சரி, வாழுங்க. நான் குறுக்கே நிக்கலை. ஆனா மொட்டை போட்டு முறையாப் பிள்ளையை அனுப்புறவரைக்கும் அது எங்க வீட்டுலதான் இருக்கும்னேன். மாப்பிள்ளை உடனே, 'அப்படியே ஆகட்டும் மச்சான்'னுட்டான். அந்த வாரமே நாள் குறிச்சுட்டாங்க. அவ்வளவு சீக்கிரம் குறிப்பான்னு நான் நினைக்கலை.

புதுப் பத்திரிகை இதோ, பாருங்க. 'தாய்மாமன்: திரு. சு. தவமணி அவர்கள், குடிநீர்த் தொட்டி ஆபரேட்டர்.' ஒரே பேர். சாமி பேரைவிடப் பெரிய எழுத்து. கதிரேசன் பேர் அடியில 'நல்வரவை விரும்பும்' கூட்டத்தோட கூட்டமா, கண்ணாடி போட்டுத் தேடினாத்தான் தெரியும். ஒரு குறையும் இல்லை. தேடித் தேடிப் பார்த்துட்டேன்மா, ஒரு அம்புக்குறிகூட இல்லை.

அப்புறம் எதுக்குத் தடைன்னு கேட்கிறீங்களா? நீங்க கேட்கலை, ஆனா பார்க்கிறீங்க.

சட்டப்படி சொல்றேன். இன்னைக்கு மொட்டை நடந்தா, கோயில்லயிருந்து நேரா அவங்க வீட்டுக்குப் போயிடும் பிள்ளை. பன்னிரண்டைத் தாண்டிட்டா இன்னைக்கு நடக்காது. புதன்கிழமைக்குள்ள வேற நாள் இல்லை, நான் காலண்டரைப் பார்த்துட்டேன். நாலாவது வயசுல போட மாட்டாங்க. அப்புறம் அஞ்சு முடியுறப்பத்தான். அதுவரைக்கும், மொட்டை முடியுறவரைக்கும் பிள்ளை எங்க வீட்டுலங்கிற பேச்சு மாறாது. ரெண்டு வருஷம். ஜட்ஜ் அம்மாவே பிள்ளையோட நலன்தான் பெருசுன்னாங்க. பழகின இடம், பழகின அங்கன்வாடி, பழகின தண்ணி. எல்லாத்தையும் எழுதிக்கங்க.

இதை எழுத வேண்டாம். காலையில நான் வால்வு திறக்கப் போறப்ப ஆதிரையும் கூட வரும். அந்தச் சக்கரத்தை அதுவும் ஒரு பக்கம் பிடிச்சுக்கும். குழாய்க்குள்ள தண்ணி ஏறுற சத்தம் கேட்டதும், 'மாமா, ஊரு முழிச்சுருச்சு'ங்கும். யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு தெரியலை, அதுவாச் சொல்லுது. எங்களுக்கு வேற பிள்ளை கிடையாது. கல்யாணமாகிப் பதினொரு வருஷம் ஆச்சு. அது இந்தக் கேஸுக்குச் சம்பந்தமில்லை. எழுதிட்டீங்களா? அடிச்சுடுங்க.

என்னம்மா? சத்தமாக் கேளுங்க, உங்க குரலே இப்பத்தான் கேட்கிறேன்.

நான் போகலைன்னாலே மொட்டை நடக்காதே, அப்புறம் தடை எதுக்குன்னு கேட்கிறீங்க.

நல்ல கேள்வி. சந்தானம் வக்கீலுக்குக்கூட இது தோணியிருக்காது.

அது எனக்குத் தெரியாதா? மடி இல்லைன்னா மொட்டை இல்லை. நான் இந்தப் பெஞ்சுல பன்னிரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தாப் போதும். ஆனா உட்கார மாட்டேன்மா. அதுதான் விஷயம். வேட்டியைப் பார்த்தீங்கள்ல? பட்டு. காலையில அஞ்சு மணிக்கே கட்டிட்டேன். வண்டியில சீர்த் தட்டு கட்டியிருக்கு. கம்மல், புது கவுன், தொப்பி எல்லாம் இருக்கு. மொட்டைத் தலைக்கு வெயில் படக்கூடாதுன்னு தொப்பி நான்தான் வாங்கினேன். எல்லாரும் வேன்ல முன்னால போயிட்டாங்க. நான் கோயிலுக்குத்தான் கிளம்பினேன். வண்டி இங்கே திரும்பிருச்சு.

யாராவது ஒருத்தர் கூப்பிட்டா நான் போயிடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். அதனாலதான் கோர்ட்டுகிட்ட வர்றேன். நான் போகக் கூடாதுன்னு ஒரு உத்தரவு. என் மடிக்கு ஒரு ஸ்டேட்டஸ்கோ. உத்தரவுன்னா நான் மீற மாட்டேன், ஒரு முடியைக்கூடக் கவர்ல போட்டு வச்சவன் நான். உத்தரவு இருந்தா ஊருக்கும் சொல்லலாம், பொன்மலருக்கும் சொல்லலாம். நான் என்ன பண்ணட்டும், கோர்ட்டு விடலைன்னு.

எழுதுங்க. மனுதாரர், சு. தவமணி. எதிர்மனுதாரர்…

மாப்பிள்ளை பேரைப் போட முடியாது, அவன் ஒண்ணும் பண்ணலை. பொன்மலர் பேர் வேண்டாம், நல்ல நாளும் அதுவுமா. பிள்ளை பேரையா போடுறது? எதிர்மனுதாரர்னு ஒருத்தர் இருந்தே ஆகணுமா? சரி. அதுலயும் சு. தவமணின்னே போட்டுக்கங்க. அப்பா பேர் சுப்பையா. அதே முகவரி.

இருங்க, போன். வனிதாதான். நாம எழுதுவோம், அது அடிக்கட்டும்.

விட மாட்டேங்கிறாள். ஒரு நிமிஷம்.

ம்… சொல்லு. கோர்ட்டுல… கோர்ட்டுலதான். ஒரு சின்ன வேலை. இல்லை, இருக்கு. சட்டத்துல இருக்கு, நீ கத்தாதே… என்ன? கதிரேசனா? அவன் உட்கார்ந்துட்டானா? வேட்டியை மடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டானா!… பிள்ளை? மாட்டேங்குதா? யார் மடியிலயும்?… பூசாரி மடியிலகூடவா? எங்கே போய் நிக்குது? தண்ணிக் குழாய்கிட்டயா?… அழுதுச்சா? அழ விடாதே. மாப்பிள்ளையைத் தூக்கச் சொல்லு… போனைக் கொடுக்காதே. வேண்டாம், வனிதா, அதுகிட்டப் போனைக் கொடுக்காதே—

கண்ணு.

ம்.

ம். மாமாதான்.

இல்லைடா, மாமா எங்கேயும் போகலை. பக்கத்துலதான். குழாயா? வரலையா அதுல தண்ணி? நீ திறந்து பார்த்தியா? … உன்னால முடியாது, அது இறுக்கமா இருக்கும். கையைக் கிழிச்சுக்கப் போறே. தொடாதே. நில்லு, அங்கேயே நில்லு. மாமா வந்து திறக்கிறேன். ரெண்டு பேரும் சேர்ந்து திறக்கலாம்.

மணி என்னம்மா ஆகுது? பத்து அம்பதா? பைபாஸ் வழியாப் போனா நாற்பது நிமிஷம். சீர்த் தட்டு கட்டியிருக்கு, வேகமாப் போக முடியாது. அம்பதுன்னு வைங்க. பதினொண்ணு நாற்பதுக்குப் போயிடலாம்.

அந்த மனுவைக் கிழிச்சுடாதீங்க. எல்லாம் சரியா இருக்கு, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இதோ, இங்கேயா? போட்டாச்சு. எதிர்மனுதாரருக்கும் வேணுமா? போட்டாச்சு. உள்ளே அனுப்பிடுங்க, முறைப்படி நடக்கட்டும். ஒருவேளை உத்தரவு கொடுத்துட்டாங்கன்னா மட்டும், எனக்காக ஒரு உதவி பண்ணுங்கம்மா. அது பன்னிரண்டு மணிக்கு மேலதான் என் கைக்கு வந்ததுன்னு எழுதிடச் சொல்லுங்க.